மேசியா: எந்த ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுவது? (டிசம்பர் பாடகர் குழுவினர் கவனத்துக்கு)

பாலாற்று பாஸ், தோட்டப்பாளையம்:

‘மேசியா’வுக்கான டிசம்பர் ஒத்திகை தொடங்கிவிட்டது. வேத வசனங்களுக்கு ஹெண்டல் இசையமைத்த நெடும் பாடற்படைப்பு அது. தொடங்கிய கையோடு வழக்கமான சண்டையும் தொடங்கிவிட்டது. ஆளுக்கொரு கைபேசி, கைபேசிக்கு ஒரு ‘அல்லேலூயா’ கோரஸ். ஒருவர் போட்டுக் காட்டுவதில் சிம்பல் அதிர்கிறது. இன்னொருவருடையதில் சிறுவர்கள் பாடுகிறார்கள். மூன்றாமவருடையது நம் கீபோர்டைவிட அரைக் கட்டை சுருதி இறங்கி நிற்கிறது. எல்லாவற்றின் கீழேயும் ஒரே கருத்துரை: “அற்புதம், தேவனுக்கே மகிமை.” மகிமை அவருக்கே. ஆனால் எதைக் கேட்டுப் பழகுவது என்று கேட்டால் அது பதில் ஆகாது.

ஹெண்டல் இதை 1741இல் எழுதினார். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முதலாகப் பாடப்பட்டது. அதற்குப் பிறகும் கையில் கிடைத்த பாடகர்களுக்குத் தகுந்தபடி அவரே மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு முறை ஆல்டோவுக்கு (தாழ்ந்த பெண் குரல்) கொடுத்ததை மறுமுறை சோப்ரானோவுக்கு (உயர்ந்த பெண் குரல்) கொடுப்பார். ஆகவே ‘அசல் மேசியா’ என்று ஒன்றைத் தேடுவது வீண் வேலை. என்னிடம் முழுமையாக இருக்கும் நான்கு ஒலிப்பதிவுகளைப் பற்றி மட்டும், இசையை நடத்தியவர் பெயரும் ஆண்டும் போட்டு, எழுதுகிறேன்.

பீச்சம், 1959. யூஜின் கூசென்ஸ் வாத்தியங்களைப் பெருக்கி எழுதிக் கொடுத்த வடிவம். சிம்பல், டிரையாங்கிள், ஹார்ப் எல்லாம் உண்டு. ஹெண்டல் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாரா, கூடுதல் சம்பளம் கேட்டிருப்பாரா என்று சொல்ல முடியாது. டெனர் (உயர்ந்த ஆண் குரல்) ஜான் விக்கர்ஸ். ‘ஆற்றுங்கள், தேற்றுங்கள்’ என்பதை அவர் ஆறுதலாகப் பாடவில்லை, கட்டளையாகப் பாடுகிறார். எனக்கு மிகவும் பிடிக்கும். பழகுவதற்கு ஆகாது. நம்மிடம் இருப்பது ஒரு கீபோர்டும் இரண்டு வயலினும்.

கிளெம்பரர், 1964. பாரம். சோப்ரானோ ஷ்வார்ட்ஸ்காப்ஃப் பாடும் இடங்களுக்காக ஒருமுறை கேட்கலாம்.

காலின் டேவிஸ், 1966. லண்டன் சிம்பனி வாத்தியக் குழு, நவீன வாத்தியங்கள், ஆனால் பாடகர் குழுவைச் சுருக்கிக்கொண்டார். விக்டோரியா காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களை மேடையேற்றி இதைப் பாடும் வழக்கம் வந்தது. அந்தப் பழக்கத்தின் நிழல் அடுத்த நூற்றாண்டிலும் நெடுநாள் கிடந்தது. டேவிஸ் அதிலிருந்து விலகி நடையைத் துள்ள வைத்தார். ஹெதர் ஹார்ப்பர் பாடும் ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ அலங்காரம் இல்லாமல் நேராக நிற்கிறது.

ஹாக்வுட், 1980. இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக நடந்த ஃபவுண்ட்லிங் இல்லத்துக்காக ஹெண்டல் இதை ஆண்டுதோறும் நடத்தினார். 1754 நிகழ்ச்சியின் கணக்கு வழக்கு இன்றும் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதிலிருந்து எத்தனை பேர் பாடினார்கள், வாசித்தார்கள் என்று தெரிகிறது. பாடகர் குழு இருபது பேருக்குள்தான். நம் குழுவும் ஏறக்குறைய அதே அளவு! ஹாக்வுட் அந்த 1754 வடிவத்தைப் பழைய வகை வாத்தியங்களோடு பதிவு செய்தார். சோப்ரானோ வரிசையில் பெண்கள் இல்லை, ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் பேராலயத்துச் சிறுவர்கள். தனிக்குரலில் எம்மா கர்க்பி.

ஹெட்ஃபோன் போட்டு ‘லேவியின் புத்திரரைச் சுத்திகரித்து’ கோரஸை மட்டும் கேளுங்கள். ஆங்கிலத்தில் ‘பியூரிஃபை’ என்ற சொல்லின் கடைசி அசையின் மேல் நீண்ட சுர ஓட்டம் வருகிறது. ‘ஃபை’யில் ‘ஆ’வைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். ‘இ’ கடைசிச் சுரத்தில் வந்தால் போதும். நாம் முதல் சுரத்திலேயே ‘ஐ’ என்று வாயைச் சுருக்கிவிடுகிறோம். அதன்பின் பதினைந்து சுரமும் மூக்கில் ஓடுகின்றன. அந்தச் சிறுவர்கள் கடைசிவரை வாயை மூடுவதில்லை.

என் தரப்பு இது: ஒலிப்பதிவை விமர்சிப்பவர் முதலில் எந்த வடிவம், எந்தச் சுருதி, எத்தனை பேர், எப்படிப்பட்ட இடம் என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் குரலைப் பற்றி மட்டும் எழுதினால் அது விமர்சனம் ஆகாது, வாழ்த்து மடல்.

சத்துவாச்சாரி டெனர்:

அண்ணா, அரைக் கட்டை இறங்கிய அல்லேலூயாவைப் போட்டுக் காட்டியது நான்தான். அது ஹாக்வுட்டுடையதேதான். தரவிறக்கத்தில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியானால் கோளாறு இல்லையா?

காட்பாடி ஒலிப்பெட்டி:

கோளாறு இல்லை, தம்பி. பழைய வாத்தியங்களோடு வாசிப்பவர்கள் பெரும்பாலும் ‘ஏ’ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைப்பார்கள். இன்றைய கீபோர்டில் அது 440. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய அரைக் கட்டை. டெனர்களுக்கு இதனால் எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். டேவிஸ் பதிவோடு ஒப்பிட்டு “ஹாக்வுட் பாடகர்களின் குரலில் பளபளப்புக் குறைவு” என்று யாராவது எழுதினால் முதலில் சுருதியைக் கணக்கில் சேர்த்தாரா என்று கேளுங்கள்.

ஆனால் வேறு பதிவுகளில் கோளாறாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்கிறேன். ஸ்பீக்கரும் டேப் ரிகார்டரும் பழுது பார்த்தே வயதானவன் நான். நாடா ஏறத்தாழ 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பத்தாறு நொடியில் முடிந்துவிடும். பாடியவர் ஏதோ அவசரத்தில் பாடியதுபோல் இருக்கும், குரல் கொஞ்சம் இளமையாகவும் ஒலிக்கும். கேட்பவர் “என்ன சுறுசுறுப்பு!” என்று எழுதிவிடுவார். கீபோர்டை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டையில் சரியாக உட்கார்ந்தால் நம்பலாம். இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கினால், வாத்தியக் குழு அன்று எந்தச் சுருதியில் சேர்ந்தது என்று விசாரிக்க வேண்டும் அல்லது நாடாவைச் சந்தேகிக்க வேண்டும். 78 சுற்று இசைத்தட்டு என்கிறோமே, ஆரம்ப காலத்து இசைத்தட்டுகள் எல்லாம் 78இல் வெட்டப்பட்டவையும் அல்ல. எழுபதை ஒட்டியும் உண்டு, எண்பதைத் தாண்டியும் உண்டு. எல்லாவற்றையும் 78இல் சுழற்றிப் பதிவேற்றுகிறார்கள். பிறகு அந்தப் பாடகர் எந்தக் கட்டையில் பாடினார் என்று சண்டை போடுகிறார்கள்.

கடை ஒன்றில் வாங்கிய பழைய கச்சேரி சி.டி. ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் தம்பூரா முக்கால் கட்டை வித்தியாசம். ஒரே கச்சேரி, ஒரே தம்பூரா!

வாலாஜா ரசிகர்:

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன் நான். மேசியாவை உங்கள் புண்ணியத்தில் இரண்டொரு முறை கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இழையைப் படிக்கப் படிக்க மூச்சு முட்டுகிறது. 415, 440, ஆறு சதவீதம்! சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிற பெரியவர் எந்த மீட்டரைப் பார்த்துத் தலையாட்டுகிறார்? எம்.டி. ராமநாதன் விளம்ப காலத்தில் கீழ்ச் சுருதியில் பாடினார். நாடா மெதுவாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டா ரசித்தோம்? பாட்டு மனத்தைத் தொட்டதா இல்லையா, அதைச் சொல்லுங்கள். மற்றது மெக்கானிக் வேலை. காட்பாடிக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காட்பாடி ஒலிப்பெட்டி:

கோபமே இல்லை, ஐயா. மெக்கானிக்தான். ஆனால் எம்.டி.ஆர். பாட்டை யாராவது அரைக் கட்டை ஏற்றிப் பதிவேற்றினால் முதலில் கோபப்படப் போவது நீங்கள்தான்.

ஆல்டோ அக்கா, இராணிப்பேட்டை:

வாலாஜா ஐயாவுக்கு வணக்கம். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான், ஆகவே உரிமையோடு பேசுகிறேன்.

தியாகராஜரின் நேர்ச் சீடர் வேங்கடரமண பாகவதர் வாழ்ந்த ஊர் உங்களுடையது. அவர் வழியில் வந்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. ஒரு கீர்த்தனையை யாராவது வேறு விதமாகப் பாடினால் “இது வாலாஜாபேட்டைப் பாடாந்தரம் (குரு வழியில் வந்த பாடல் வடிவம்) இல்லையே” என்று முதலில் சொல்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பாஸ் அண்ணன் கேட்பதும் அதையேதான். 1754 வடிவமா, கூசென்ஸ் பெருக்கிய வடிவமா, 1789இல் மொசார்ட் வாத்தியம் சேர்த்துக் கொடுத்த வடிவமா என்று கேட்கிறார். பாடாந்தரம் கேட்டால் ரசனை, எடிஷன் கேட்டால் மெக்கானிக் வேலையா?

இனி மனத்தைத் தொட்ட ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். ஆல்டோ பாடகி கேத்லீன் ஃபெரியர் பாடிய மேசியாப் பாட்டு, ‘அசட்டைபண்ணப்பட்டவரும், மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும்’. ஆல்டோ பாடுகிற எந்தப் பெண்ணும் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பாடாமல் இருப்பாள். 1952இல் லண்டனில் ஏட்ரியன் போல்ட் நடத்திய வாத்தியக் குழுவோடு அவர் பாஹ், ஹெண்டல் பாட்டுகளைப் பதிவு செய்தார். மோனோ பதிவு, எல்லா ஒலியும் ஒரே தடத்தில். மறு ஆண்டு அக்டோபரில் புற்றுநோயால் இறந்துவிட்டார், வயது 41. பிறகு இடம் வலம் பிரித்துக் கேட்கும் ஸ்டீரியோ வந்தது. 1960இல் அதே போல்ட், அதே லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவை வைத்து, ஃபெரியரின் பழைய குரலைக் கேட்டுக்கொண்டே வாத்தியப் பகுதியை மட்டும் ஸ்டீரியோவில் மீண்டும் வாசித்து மேலே சேர்த்தார்கள்.

கடைகளிலும் இணையத்திலும் இரண்டு வடிவங்களும் கிடைக்கின்றன. ஸ்டீரியோ வடிவத்தில் வயலின்கள் விரிந்து கேட்கின்றன, அழகாகவே இருக்கிறது. ஆனால் உற்றுக் கேட்டால் பாடகியும் வாத்தியக்காரர்களும் ஒருவர் மூச்சை ஒருவர் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது. அவர்கள்தான் இவருக்காகக் காத்திருக்கிறார்கள். இவர் அவர்களுக்காக எங்கும் காத்திருப்பதில்லை. மோனோவில் ஒரு சொல்லுக்குப் பிறகு வரும் வயலின் விம்மல் அந்தச் சொல்லுக்குப் பதிலாக வருகிறது. “ஃபெரியர் பாடியது, உருகிப் போனேன்” என்று மட்டும் எழுதுகிறவர் எந்த ஃபெரியரைக் கேட்டு உருகினார் என்று நான் கேட்கக் கூடாதா?

வாலாஜா ரசிகர்:

கேட்கலாம், அம்மா. ஆனால் ஸ்டீரியோவைக் கேட்டவரும் உருகினார் அல்லவா? அந்தக் கண்ணீர் இரண்டாம் தரமா?

ஆல்டோ அக்கா, இராணிப்பேட்டை:

கண்ணீருக்குத் தரம் பார்க்கவில்லை, ஐயா. காசு கொடுத்து வாங்கப்போகும் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்கிறேன்.

செங்கம் சாலை, திருவண்ணாமலை:

ஓபரா (இசை நாடகம்) பக்கம் போனால் இந்தச் சிக்கல் இன்னும் சுவையாக இருக்கும். ஃபுர்ட்வெங்லர் 1952இல் நடத்திப் பதிவான வாக்னரின் ‘டிரிஸ்டானும் இசோல்டேயும்’. இசோல்டேயாகப் பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உச்சத்தில் இருக்கும் ‘சி’ சுரத்தைத் தொட அவருக்குத் தயக்கம். அந்தச் சுரங்களை மட்டும் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காப்ஃப் பாடிக் கொடுத்தார். பின்னாளில் விஷயம் வெளியே வந்தபோது பெரிய அமளி. பதிவு இன்றும் மகத்தானதாகத்தான் மதிக்கப்படுகிறது. எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்த இரண்டு சுரங்களைக் குறிப்பிட்டு “ஐம்பது வயதிலும் என்ன உச்சம்!” என்று முதலில் எழுதியவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

பாடகி மரியா காலஸ் பாடிய புச்சினியின் ‘டோஸ்கா’ ஓபரா இரண்டு முறை ஸ்டுடியோவில் பதிவானது. 1953இல் மிலான் லா ஸ்காலா குழுவோடு விக்டர் டி சபாட்டா நடத்தியது, மோனோ. 1964இல் பாரிஸில் ஜார்ஜ் ப்ரெட்ர் நடத்தியது, ஸ்டீரியோ. இரண்டிலும் வில்லன் ஸ்கார்ப்பியா வேடத்தில் டிட்டோ கோபி. ஒலித்தரம் பார்த்தால் 1964தான் வாங்க வேண்டும். ஆனால் அதில் காலஸின் குரல் மேலே போகும்போது நடுங்குகிறது. நடிப்பு இன்னும் கூர்மையாக இருக்கலாம், குரல் கைகொடுக்கவில்லை. 1953இல் முதல் அங்கத்தின் முடிவில் வரும் ‘தே தேயும்’ (ஆலயத் துதிப்பாட்டு) காட்சியைக் கேளுங்கள். மணியும் பாடகர் குழுவும் கோபியின் கறுத்த எண்ணங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன, டி சபாட்டா அவசரப்படுவதே இல்லை. மோனோ என்பது நினைவுக்கே வராது. யாராவது ஒரே ஒரு டோஸ்காதான் வாங்குவேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 1953.

ஆம்பூர் அமைதி:

பியானோ உலகில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பெயரில் வந்த இசைத்தட்டுகளை விமர்சகர்கள் வானளாவப் புகழ்ந்தார்கள். 2007இல் ஒருவர் கணினியில் தட்டைப் போட, அது வேறொரு பியானோக்காரரின் பெயரைக் காட்டியது. மற்றவர்கள் வாசித்ததை அவருடைய கணவர் மனைவியின் பெயரில் வெளியிட்டிருந்தார், சிலவற்றில் வேகத்தைச் சற்று மாற்றி. பத்திரிகைகளில் எழுதியவர்கள் எல்லோரும் காது உள்ளவர்கள்தான்.

வாலாஜா ரசிகர்:

ஹாட்டோ கதை என் பக்கத்துக்கே பேசுகிறது. வாசிப்பு நன்றாக இருந்தது, புகழ்ந்தார்கள். பெயர்தானே பொய்? வாசிப்பு பொய் இல்லையே. கேட்டது கேட்டதுதான்.

சத்துவாச்சாரி டெனர்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாலாற்று பாஸ், தோட்டப்பாளையம்:

என்னிடம் இருக்கிறது. உடல் நலம் குன்றிய ஒரு மூதாட்டி தனியாக இத்தனை வாசித்தார் என்ற கதையையும் சேர்த்துத்தான் புகழ்ந்தார்கள். கதை போனதும் அதே வாசிப்பைப் பற்றி அதே பரவசத்தோடு யாரும் மறுபடி எழுதி நான் பார்த்ததில்லை. காதால் கேட்டது பாதி, அட்டையைப் படித்துக் கேட்டது பாதி. ஆகவே அட்டையில் இருப்பதைச் சரிபார்ப்பதும் கேட்பதில் சேர்த்திதான்.

மட்டுறுத்துநர்:

இழை ஒத்திகைக்காகத் தொடங்கப்பட்டது. ஓபராவுக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். செங்கம் சாலை அவர்களின் டோஸ்கா பதிவை அங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

காட்பாடி ஒலிப்பெட்டி:

இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1963இல் பதிவான அல்லெக்ரியின் ‘மிசெரேரே’ என்ற பாடகர் குழுப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். டேவிட் வில்காக்ஸ் நடத்தினார், உச்சஸ்தாயி பாடிய சிறுவன் ராய் குட்மன். அந்தப் பையனின் குரல் பாதி, கல் கூரை பாதி. நிறுத்திய பிறகும் சுரம் சில நொடிகள் மேலே நிற்கிறது. மெதுவான இசைக்கு அது வரம். அதே இடத்தில் ‘சுத்திகரித்து’ ஓட்டத்தை வேகமாகப் பாடினால் எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று கரைந்து கூழாகிவிடும்.

நம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் ஆலயம் 1846இல் கட்டியது, சிறியது. ஆள் நிறைந்தால் எதிரொலி அடங்கிவிடும். அங்கே வேகமாகப் பாடலாம், ஆனால் ‘ஆமென்’ கோரஸின் கடைசியில் நீங்கள் நிறுத்திய இடத்தில் ஒலியும் நின்றுவிடும். கூரை உங்களைக் காப்பாற்றாது. லண்டன் பதிவில் கேட்ட நீளத்தை இங்கே உங்கள் மூச்சால்தான் கொண்டுவர வேண்டும்.

அப்புறம் மின்விசிறி. சென்ற ஆண்டு நீங்கள் எடுத்த பதிவு முழுக்க அடியில் ஒரு ரீங்காரம். ஐந்து நிமிடம் விசிறியை நிறுத்துங்கள் என்றால் வேலூர்க்காரர்கள் டிசம்பரிலும் சம்மதிக்க மாட்டேன் என்கிறீர்கள்.

ஆல்டோ அக்கா, இராணிப்பேட்டை:

ஆல்டோக்கள் சம்மதிக்கிறோம். பட்டுப் புடவையில் நிற்கிறோம் என்பதை மட்டும் பதிவில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாஸ் அண்ணா, ஒரு விஷயம். ஹாக்வுட்டைக் கேட்டுப் பழகச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் பெரியவர்கள் சிலர் ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டுச் சுரக்குறி) படிப்பதில்லை. சுரங்களை எழுத்தால் குறிக்கும் டானிக் சோல்ஃபா பிரதியை வைத்தும் காதால் கேட்டும்தான் பாடுகிறார்கள். அரைக் கட்டை இறங்கிய பதிவைக் கேட்டுக் காதில் ஏற்றிக்கொண்டு கீபோர்டின் முன் வந்து நின்றால் தொடக்கச் சுரத்திலேயே தடுமாறுவார்கள். சென்ற ஞாயிறு நடந்ததும் அதுதான். அவர்களுக்கு டேவிஸ் நல்லது. சுருதி நம்முடையது, பெண் குரல்கள், வேகமும் எட்டிப் பிடிக்கும்படி இருக்கிறது. ஹாக்வுட் உச்சரிப்புக்கும் சுர ஓட்டத்துக்கும் மட்டும்.

சத்துவாச்சாரி டெனர்:

கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒன்று இறக்கி வைத்தால் ஹாக்வுட்டோடு சேர்ந்துவிடுமே? டெனர்கள் அனைவர் சார்பாகவும் கேட்கிறேன்.

பாலாற்று பாஸ், தோட்டப்பாளையம்:

தம்பி, டெனர்கள் சார்பாகக் கேட்கிறாய் என்பது புரிகிறது. வயலின் வாசிக்கும் இருவரும் தந்தியை இறக்கிக் கட்டச் சம்மதித்தால் செய்யலாம். சம்மதிக்க மாட்டார்கள். பாஸுக்கும் (தாழ்ந்த ஆண் குரல்) அது நல்லதல்ல. அடியில் ஏற்கெனவே நாங்கள் உறுமிக்கொண்டிருக்கிறோம்.

அக்கா சொன்னபடியே வைத்துக்கொள்வோம். டேவிஸ் 1966 எல்லோருக்கும். ‘சுத்திகரித்து’, ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ இரண்டையும் ஹாக்வுட்டிலும் கேட்க வேண்டும். ‘பாலகன்’ கோரஸின் சுர ஓட்டங்களை ஹெண்டல் அதே 1741இல் தாம் எழுதிய ஓர் இத்தாலியக் காதல் ஜோடிப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். இருவர் பாட எழுதியதை இருபது பேர் முழங்கினால் தடுக்கி விழாமல் என்ன செய்யும்? மெல்லப் பாடுங்கள், இருவர் பேசிக்கொள்வதுபோல். ‘ஆலோசனைக் கர்த்தா’ என்ற இடத்துக்கு மட்டும் முழுக் குரலையும் சேமித்து வையுங்கள்.

வாலாஜா ரசிகர்:

டிசம்பரில் வருகிறேன். மீட்டர் எடுத்துவர மாட்டேன். பிடித்திருந்தால் தலையாட்டுவேன், பிடிக்காவிட்டால் இங்கே எழுதுவேன்.

காட்பாடி ஒலிப்பெட்டி:

வாருங்கள், ஐயா. மைக்குக்கு அருகில் மட்டும் உட்கார வேண்டாம், நீங்கள் தொடையில் தாளம் போடுவது பதிவில் விழும். பாஸ் தம்பி, சனிக்கிழமை ஒத்திகைக்குப் பென்டிரைவ் கொண்டுவருகிறேன். டேவிஸ் முழுவதும், ஹாக்வுட்டில் அந்த இரண்டு கோரஸும் இருக்கும். ஹாக்வுட் கோப்புகளின் பெயரிலேயே ‘415’ என்று எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் கீபோர்டைத் திட்ட வேண்டாம்.